கொட்டாஞ்சேனை மேல்மாடியில் டாங்கி ஓட்டுவது எப்படி

என் தொழில் தையல் மெஷின் திருத்துவது. கொழும்பு புறக்கோட்டைத் தையற்கடைகளில் இருந்து வரும் மெஷின்களை இருபத்தைந்து வருடமாகக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். ரிமோட்டில் ஓடும் டாங்கிக்கும் உனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களிடம், மூடியைக் கழற்றிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். உள்ளே மோட்டர், பல்சக்கரம், தண்டு, கிரீஸ். என் மேசையில் தினமும் கிடக்கிற அதே சாமான்கள். அக்காவின் மகன் 2019இல் ஒன்று வாங்கித் தரச் சொன்னான். இப்போது வீட்டில் மூன்று டாங்கி இருக்கிறது. அவன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறான், ஓட்டுவது நான்.

படித்தாலும் அவனுக்கு ஆசை விடவில்லை. "மாமா, புதுசு ஒன்று வருதாம்" என்று மாதத்துக்கு ஒரு தடவை போனை நீட்டுவான். படம் அழகாகத்தான் இருக்கும். நான் கேட்கும் முதல் கேள்வி, இதற்குத் தனியாக ஒரு பல்சக்கரம் வாங்க முடியுமா? அவனிடம் பதில் இருக்காது. புதிய மாதிரி வந்தவுடன் வாங்காதீர்கள், ஆறு மாதம் பொறுங்கள். முதல் தொகுதியில் இருக்கும் குறைகளை மற்றவர்கள் காசு கொடுத்துக் கண்டுபிடிக்கட்டும். உதிரிப் பாகங்கள் விற்பனைக்கு வந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டு அப்புறம் கையை வையுங்கள்.

அளவு என்றால் 1/16தான். நிஜ டாங்கியின் நீளத்தில் பதினாறில் ஒரு பங்கு. இதைவிடச் சிறியவையும் உண்டு, ஆனால் உள்ளே கை போகாது, திருத்த முடியாது. ஜேர்மனியின் டைகர் டாங்கி, பீரங்கிக் குழலோடு சேர்த்து 8.45 மீற்றர் நீளம். மாதிரியில் அது 53 சென்றிமீற்றர், அகலம் 23. வாங்கும் முன் அலுமாரித் தட்டை அளந்துகொள்ளுங்கள். நான் அளக்கவில்லை. குழல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றதில் ஒரு வாரம் அலுமாரிக் கதவு மூடவில்லை. கடைசியில் மனைவிதான் மேலே சுழலும் பகுதியை (நான் அதைத் தலை என்றே சொல்கிறேன்) பின்பக்கமாகத் திருப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். நிஜ டாங்கிகளையும் தூரப் பயணத்தில் அப்படித் திருப்பிவைப்பது உண்டு என்று பிறகுதான் படித்தேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

தயாரிப்பாளர்களில் ஜப்பானின் தமியா பழைய கை. 1974இலேயே 1/16 அளவில் ஷெர்மன் டாங்கியை ரேடியோவில் ஓடவிட்டவர்கள். அவர்களுடையதை நாமே பூட்ட வேண்டும். வேலைப்பாடு அருமை, விலையும் அதற்கேற்ற மாதிரி. சீனாவின் ஹெங் லோங் பெட்டியில் இருந்து எடுத்தவுடன் ஓடும், விலையும் நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் எட்டும். கொழும்பில் நான் பார்த்தவை பெரும்பாலும் இதுதான். எட்டும் என்பதையும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் இருநூறு ரூபாயில் இருந்து முந்நூற்று அறுபதுக்குப் போனபோது, வாங்கவென்று பார்த்துவைத்திருந்த பாந்தர் என்ற இன்னொரு ஜேர்மன் டாங்கியை அப்படியே விட்டுவிட்டேன். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்தில் டாங்கிக்கு ஏது காசு.

ஒரே டாங்கி இரண்டு மூன்று தரங்களில் விற்கப்படும். வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான், வித்தியாசம் வயிற்றுக்குள். சங்கிலி பிளாஸ்டிக்கா உலோகமா, கியர்பொக்ஸ் பிளாஸ்டிக்கா உருக்கா என்ற இரண்டையும் கேளுங்கள். உலோகச் சங்கிலி போட்டால் கியரும் உருக்காக இருக்க வேண்டும். நான் முதலில் வாங்கியது, கைமாறி வந்த ஒரு டைகர். விற்றவர் பளபளவென்று உலோகச் சங்கிலி மாட்டிவைத்திருந்தார், நான் அதில் மயங்கிப் போனேன். இரண்டாம் நாள் குசினி வாசற்படியில் ஏறும்போது 'கடகட' என்று சத்தம், வலது பக்கம் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் வெள்ளை நைலோன் பல்சக்கரம் ஒன்றில் ஐந்து பல் இல்லை, பல்லுப் போன கிழவனின் ஈறு மாதிரி வழுவழு என்றிருக்கிறது. பாரம் முழுவதும் சங்கிலியில், தாங்கவேண்டியது அந்த நைலோன் பல். எப்படித் தாங்கும்? காசு குறைவென்றால் பிளாஸ்டிக் சங்கிலியும் பிளாஸ்டிக் கியருமாகவே வாங்குங்கள், அது அதன் பாட்டுக்கு ஓடும். பிறகு மாற்றுவதானால் கியரை முதலில் மாற்றுங்கள், சங்கிலி அடுத்தது.

சுடும் முறையிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று 6 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் குண்டு எறியும். மற்றது இன்ஃப்ராரெட் கதிர் விடும், எதிரே நிற்கும் டாங்கி அடிபட்டதாகக் குலுங்கும். எனக்கு இரண்டாவதுதான் சரி. இந்த ஊரில், அதுவும் பார்சல் பெட்டியைத் திறந்து பார்க்கும் இடத்தில், 'குண்டு சுடும்' என்று எழுதியிருக்கும் சாமானுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை. அடுத்த மாடிப் பிள்ளைகளின் கண்ணும் தப்பும்.

பற்றரியைச் சேர்க்காமல் அனுப்பச் சொன்னால் தபாலில் தொல்லை குறைவு. லிதியம் பற்றரி என்றாலே விமானத் தபாலில் ஆயிரம் நிபந்தனை. பற்றரியை இங்கே புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடலாம். கேட்க வேண்டியது 7.4 வோல்ட், இரண்டு செல், டாங்கியின் பற்றரி அறைக்குள் அடங்கும் அளவு. வீட்டுக்கு வந்ததும் பிளக் பொருந்துகிறதே என்று சொருகிவிடாதீர்கள். கூடு ஒரே மாதிரி இருந்தாலும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறி வருவது உண்டு, ஒரு நொடி போதும், உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை (போர்ட்) எரிய. வோல்ட் அளக்கும் மீற்றரை வைத்துப் பார்த்து, சிவப்புக்கு நேரே சிவப்பு என்று உறுதியான பிறகு சொருகுங்கள். பழைய லெப்டொப் பற்றரியை உடைத்து செல் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்வார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். டாங்கி நின்ற இடத்தில் திரும்பும்போது இழுக்கும் மின்னோட்டத்துக்கு அந்த செல்கள் ஆகாது.

முழுதாக ஏறினால் 8.4 வோல்ட் காட்டும். 6.4க்குக் கீழே இறங்க விடாதீர்கள். பல நாள் சும்மா வைப்பதானால் 7.6இல் நிறுத்தி, டாங்கியில் இருந்து கழற்றிவையுங்கள். கூட வரும் சின்னச் சார்ஜர் மெதுவானது. 1800 மில்லி அம்பியர் மணி பற்றரிக்கு அரை அம்பியர் சார்ஜர் என்றால் கிட்டத்தட்ட நாலு மணித்தியாலம். அவ்வளவு நேரமும் ஆள் வீட்டில் இருக்க வேண்டும். நான் தரை ஓட்டின் மேல், மண்சட்டிக்குள் வைத்துத்தான் ஏற்றுகிறேன். கட்டில் மேல் வைத்து ஏற்றிவிட்டுப் பூசைக்குப் போகிற வேலை வேண்டாம்.

சரி, பெட்டி வந்துவிட்டது. ஆசையில் உடனே தரையில் விடாதீர்கள். ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து அதன் மேல் டாங்கியை ஏற்றுங்கள், சங்கிலி இரண்டும் அந்தரத்தில் தொங்க வேண்டும். மெதுவான வேகத்தில் ஐந்து நிமிடம் முன்னே, ஐந்து நிமிடம் பின்னே ஓடவிடுங்கள். இப்போது ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரை எடுத்து, நுனியை கியர்பொக்ஸ் இருக்கும் இடத்தில் அடிப்புறத் தகட்டில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிவையுங்கள். தையல் மெஷினுக்கு நாங்கள் செய்வது இதுதான், வைத்தியரின் குழாய் மாதிரி உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். இடதும் வலதும் ஒரே 'கர்ர்' என்று இருந்தால் நல்லது. ஒரு பக்கம் 'டக்... டக்... டக்' என்று எண்ணக்கூடிய இடைவெளியில் தட்டினால், அந்தத் தட்டு சங்கிலியை இழுக்கும் பல்சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். அப்படியென்றால் கோளாறு கடைசிப் பல்சக்கரத்தில், அல்லது தண்டு லேசாக வளைந்திருக்கிறது. எண்ண முடியாத வேகத்தில் 'டடடட' என்றால் மோட்டருக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பல். பிசிறு ஒன்று ஒட்டியிருக்கலாம், தட்டிவிட்டால் போய்விடும். இரண்டு பக்கமும் கீச்சிட்டால் கிரீஸ் போதவில்லை.

கிரீஸ் என்றதும் தையல் மெஷின் எண்ணெயை எடுத்து ஊற்றாதீர்கள். அதை விற்கிறவனே சொல்கிறேன். அது மெல்லியது, சுற்றுகிற பல்லில் நிற்காமல் சிதறி, ரப்பர், வயர், போர்ட் எல்லாவற்றிலும் படியும். உருக்குப் பல்லுக்கு வெள்ளை லிதியம் கிரீஸ், பிளாஸ்டிக் பல்லுக்கு சிலிக்கோன் கிரீஸ். தீக்குச்சி நுனியில் எடுத்துப் பல்லின் மேல் தடவினால் போதும். ஸ்குரூ இளகாமல் இருக்க ஒரு சிவப்பு, நீலத் திரவம் விற்கிறார்களே, அது உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு விழும்.

அடுத்தது சங்கிலியின் இழுவை. எல்லாரும் இறுக்கிக் கட்டுகிறார்கள், நிமிர்ந்து நின்றால் அழகு என்று நினைப்பு. டைகரின் சங்கிலி மேற்பக்கம் தொய்ந்து, சக்கரங்களின் தலையில் படுத்திருக்க வேண்டும். பழைய படங்களைப் பாருங்கள், தெரியும். நடுவில் ஒரு விரலால் தூக்கினால் ஒரு சென்றிமீற்றர் அளவுக்கு இலேசாக எழும்ப வேண்டும். எழும்பவில்லையா, தண்டும் மோட்டரும் சும்மா கிடந்து உழைக்கின்றன. மூன்று சென்றிமீற்றர் எழும்பினால், திரும்பும்போது சங்கிலி கழன்று விழும். பின்பக்கச் சக்கரத்தை நகர்த்தும் ஸ்குரூ இருந்தால் அதைத் திருப்புங்கள். இல்லாவிட்டால் ஒரு கண்ணியை எடுத்துவிட வேண்டியதுதான். கண்ணியின் ஊசி ஒரு பக்கமாகத்தான் வெளியே வரும், வராத பக்கம் தட்டி, ஊசி நுழையும் கண்ணியின் காதை உடைத்துவிடாதீர்கள்.

ஓட்டும் வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. நிஜ டைகர் நல்ல வீதியில் மணிக்கு நாற்பது கிலோமீற்றர் அளவில் ஓடியது. பதினாறால் வகுத்தால் இரண்டரை. நாம் நடப்பதைவிட மெதுவு. மாதிரி டாங்கியை முழு வேகத்தில் விட்டால் எலி ஓடுவது போல இருப்பது இதனால்தான். பாரத்திலும் அப்படி. 57 தொன் டாங்கியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பதினாறால் குறைத்தால் பதினாலு கிலோ வர வேண்டும். கையில் இருப்பதோ நாலு கிலோவைச் சுற்றி. அதனால் கல்லில் ஏறி இறங்கும்போது துள்ளுகிறது. ரிமோட்டைக் கால்வாசிக்கு மேல் தள்ளாமல், நின்ற இடத்தில் இருந்து மெல்ல நகர்த்திப் பழகுங்கள். கம்பளத்தின் மேல் நின்ற இடத்திலேயே சுழற்ற வேண்டாம், கியர் போவது அங்கேதான்.

புகை விடும் வசதி பெரும்பாலானவற்றில் உண்டு. உள்ளே ஒரு சூட்டுச் சுருள், அதற்கு எண்ணெய் காட்டும் திரி. கூட வரும் புகை எண்ணெயைச் சில துளிகள் விடுங்கள், எண்ணெய் இல்லாமல் ஓடவிட்டால் சுருள் கருகும். போத்தல் முடிந்த அன்று மருமகன் தேங்காயெண்ணெய் ஊற்றிவிட்டான். புகை வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. வீடு முழுக்க கொக்கிஸ் பொரித்த வாசம். திரி பிசினாகி அடைத்துப்போய், அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு ஞாயிறு போனது.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்டில் பதிந்திருக்கும் எஞ்சின் சத்தமும் பீரங்கிச் சத்தமும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மனைவியின் பெரியம்மா கிளிநொச்சியில் இருந்து வந்திருந்தபோது, காட்டலாமே என்று நடு ஹோலில் டைகரை ஸ்டார்ட் செய்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பிறந்தது அட்டன் பக்கம், டாங்கியை அணிவகுப்பிலும் படத்திலும்தான் பார்த்திருக்கிறேன். அவர் அப்படிப் பார்த்தவர் இல்லை. புதிய ரிமோட்டுகளில் சத்தத்தைக் குறைக்கும் பொத்தான் இருக்கிறது. இல்லாத பழைய போர்டாக இருந்தால் ஸ்பீக்கர் வயரில் ஒரு சின்ன சுவிட்ச் போடுங்கள், பத்து நிமிட வேலை. நம் வீடுகளுக்கு யார் யாரோ வருகிறார்கள்.

எங்கே ஓட்டுவது? எங்கள் கட்டடத்தின் மேல்மாடித் தளம் எனக்குப் போதும். உடுப்புக் காயும் கொடிகளுக்குக் கீழே, புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். யாராவது கட்டட வேலைக்கு மணல் கொட்டியிருந்தால் அன்று திருவிழா. காலி முகத்திடலுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று சொல்லமாட்டேன், கூட்டம் கூடும், சந்தோஷமாக இருக்கும். ஆனால் கடற்காற்று. மட்டக்குளி காக்கைத்தீவிலும் அதே கதைதான். உப்பும் மணலும் சேர்ந்தால் உருக்குத் தண்டில் இரண்டு மூன்று நாளில் துரு பூக்கும். வீட்டுக்கு வந்ததும் பழைய பல்துலக்கும் பிரஷால் சங்கிலியைத் தட்டி, ஈரத் துணியால் துடைத்து, காயவைத்து, ஊசிகளுக்கும் தண்டுகளுக்கும் எண்ணெய் காட்டுங்கள் (இங்கே தையல் மெஷின் எண்ணெய் நல்லது). சப்பாத்துப் பெட்டியில் வரும் சின்ன உலர்த்திப் பைகளைச் சேர்த்துவைத்து டாங்கிப் பெட்டிக்குள் போடுங்கள். வெள்ளவத்தையில் கடற்பக்கம் இருப்பவர்கள் இதை இரட்டிப்பாகச் செய்ய வேண்டும்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எனக்குத் தெரிந்து கொழும்பில் ஏழெட்டுப் பேர். சந்தித்தால் அடுத்து எது வரவேண்டும் என்றுதான் பேச்சு. மாளிகாவத்தை நானா ஒருவருக்குப் பிரித்தானியரின் செஞ்சூரியன் வேண்டும், பக்கவாட்டுத் தகடுகளோடு. நுகேகொடையில் இருந்து வரும் தம்பிக்கு எந்த டாங்கி என்பது முக்கியமில்லை, கார்பன் பிரஷ் இல்லாத மோட்டர் பெட்டியிலேயே வரவேண்டும், மெதுவாக நகரும்போது துடிக்கக் கூடாது. ஷெர்மனுக்கு ஷெர்மனின் சத்தம் வேண்டும் என்று இன்னொருவர் சண்டை பிடிப்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஷெர்மனிலேயே சில வகைக்கு சிலிண்டர்களை வட்டமாக அடுக்கிய எஞ்சின், சிலதுக்கு ஃபோர்ட் வி-8. எல்லாவற்றுக்கும் ஒரே உறுமலைப் பதிந்துவைத்தால் காது தெரிந்தவனுக்குப் பிடிக்குமா?

மருமகனுக்கு சோவியத்தின் ரி-55 டாங்கி வேண்டும். தொலைக்காட்சியில் சுதந்திர தின அணிவகுப்பில் பார்த்த நாளில் இருந்து அதே நினைப்பு. ஐந்து சக்கரம், முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மட்டும் அகன்ற இடைவெளி. அதைச் சரியாகச் செய்யாவிட்டால் வாங்கமாட்டானாம், வாங்கப் போவது தன் காசில் என்கிற மாதிரி. உலோகத்தில் பூட்டும் விலைகூடிய வகை இல்லாமல், ஹெங் லோங் விலையில், பெட்டியில் இருந்து எடுத்தவுடன் ஓடுவதாக வேண்டும் அவனுக்கு. 1/16இல் உடல் 40 சென்றிமீற்றர்தான் வரும், தலையைப் பின்பக்கம் திருப்பிவைத்தால் அலுமாரிக்குள் அடங்கும். ஆனாலும் பெரியம்மா வந்துபோகும் வீட்டில் அந்த டாங்கி வேண்டுமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

என்னைக் கேட்டால் புதிய டாங்கி எதுவும் வேண்டாம். தாத்தா காலத்துக் கறுப்புச் சிங்கர் மெஷினுக்கு இன்றைக்கும் புறக்கோட்டையில் பாகம் எடுத்துத் தருவேன். ஆறு வயது டாங்கிக்கு ஒரு பல் உடைந்தால் முழுக் கியர்பொக்ஸ் வாங்கு என்கிறார்கள், ரிமோட் பழுதானால் போர்டையும் சேர்த்து மாற்று என்கிறார்கள். பல்சக்கரத்தைத் தனித்தனியாக, எண் போட்டு, பத்து வருடத்துக்கு விற்கட்டும். பிளக்குகளை ஒவ்வொரு தலைமுறைக்கும் மாற்றாமல் இருக்கட்டும். சங்கிலியை இறுக்கும் ஸ்குரூவை விலை குறைந்த வகையிலும் வைக்கட்டும். அதுவரைக்கும், டாங்கி வாங்கும்போதே இரண்டு கடைசிப் பல்சக்கரம், ஒரு பிடி சங்கிலி ஊசி, ஒரு போத்தல் புகை எண்ணெய் சேர்த்து ஓடர் செய்யுங்கள். தனியாக வரவழைத்தால் தபால் கூலி சாமானின் விலையைத் தாண்டும்.

அடுத்த வாரம் பெரியம்மா வருகிறார். பற்றரியை 7.6இல் நிறுத்திக் கழற்றிவைத்தாயிற்று. டைகர் அலுமாரிக்குள் இருக்கிறது, தலையைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு.